ஆடு புலி ஆட்டம்: ஆடு பக்கம் ஜெயிக்கவே முடியாதா? மகளுக்குச் சொல்லிக்கொடுக்க உதவி வேண்டும்

கோலப்பொடி · ஞாயிறு இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் லீவுக்கு அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. டிவி இல்லை, போனிலும் சார்ஜ் இல்லை. அப்பா சாக்பீஸ் எடுத்து ஹால் தரையில் கட்டம் போட்டு, என் மகளுக்கு ஆடு புலி ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். மகளுக்கு ஏழரை வயசு. மூன்று புலிக்கு மூன்று சோழி, பதினைந்து ஆட்டுக்குப் புளியங்கொட்டை. கரண்ட் வந்த பிறகும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

அப்பா ஊருக்குப் போய்விட்டார். இப்போது தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவளும் அவள் அப்பாவும் உட்காருகிறார்கள். அவளுக்கு ஆடுதான் வேண்டும். ஆடுகளுக்குப் பேர் எல்லாம் வைத்திருக்கிறாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏழெட்டு ஆடு இறங்குவதற்குள் நாலைந்து வெட்டுப்பட்டுவிடுகிறது. நேற்று அழுதுவிட்டாள். "தாத்தா கூட விளையாடினப்ப ஆடு ஜெயிச்சுச்சு, அப்பா ஏமாத்துறார்" என்கிறாள். என் கணவர் ஏமாற்றவில்லை. ஆனால் விதி எங்களுக்கே சரியாகத் தெரியவில்லை என்பது உண்மை.

என் கேள்விகள்: எல்லா ஆடும் இறங்குவதற்கு முன்னால் ஆட்டை நகர்த்தலாமா? புலி ஒரே தடவையில் இரண்டு ஆட்டைத் தாண்டி வெட்டலாமா? எத்தனை ஆடு போனால் தோல்வி? முக்கியமாக, ஆடு பக்கம் எப்படித்தான் ஆடுவது?

திண்ணை · ஞாயிறு இரவு 9.48

அம்மா, ரொம்ப சந்தோஷம். இந்த ஆட்டத்தைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த ஆள் நான். எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தின் கல்தரையில் இந்தக் கட்டத்தை யாரோ உளியால் வெட்டி வைத்திருக்கிறார்கள். பழைய மண்டபங்களில், குளத்துப் படிகளில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் நான் கற்றுக்கொண்டேன்.

முதலில் கட்டம் சரியா என்று பாருங்கள். ஒரு பெரிய முக்கோணம். உச்சியிலிருந்து அடிக்கோடு வரை உள்ளே இரண்டு கோடு. ஆக உச்சியிலிருந்து இறங்குவது மொத்தம் நாலு கோடு. அதன் குறுக்கே ஒரு நீள்சதுரம், முக்கோணத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு. நீள்சதுரத்தின் நடுவே படுக்கையாக இன்னொரு கோடு. இதுதான் கட்டம். முனைகளை எண்ணுங்கள்: உச்சி 1, மூன்று குறுக்குக்கோட்டிலும் ஆறாறு, அடிக்கோட்டில் 4. மொத்தம் 23 வரவேண்டும். வரவில்லை என்றால் எங்கோ கோடு விட்டுப்போயிருக்கிறது.

விதி, நாங்கள் ஆடுவது:

புலி 3, ஆடு 15. ஒரு புலி உச்சியில், மற்ற இரண்டும் மேல் குறுக்குக்கோட்டின் நடு இரண்டு முனையில். ஆடுதான் முதலில் இறங்கும். ஒரு ஆடு இறக்கினால் புலி ஒரு நகர்வு. பதினைந்தும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் அசையக்கூடாது. புலி பக்கத்து ஆட்டைத் தாண்டி, அதே கோட்டில் நேர் அடுத்த முனை காலியாக இருந்தால் அங்கே குதிக்கும், தாண்டிய ஆடு வெளியே. கோடு மடங்கும் இடத்தில் குதிக்க முடியாது. புலியைப் புலி தாண்டாது. ஒரு தடவைக்கு ஒரு ஆடுதான். மூன்று புலிக்கும் நகர இடமில்லை என்றால் ஆடு ஜெயித்தது.

எத்தனை ஆடு போனால் தோல்வி என்பது ஊருக்கு ஊர் மாறும். எங்களுக்கு ஆறு.

ஒசூர்க்காரன் · ஞாயிறு இரவு 10.20

திண்ணை அண்ணன் சொன்னதில் ஒரு விஷயம் மட்டும் எங்கள் பக்கம் வேறு. எங்கள் வீட்டில் தெலுங்கு. பாட்டி இதைப் புலி ஜூதம் என்பார். புலியை முதலிலேயே மூன்றையும் வைக்கமாட்டோம். ஆடு ஒன்று, புலி ஒன்று என்று மாற்றி மாற்றி, மூன்று முறைக்குள் மூன்று புலியும் இறங்கும், பிடித்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். கர்நாடகத்தில் என் மனைவி வீட்டில் ஆடு ஹுலி ஆட்டா என்கிறார்கள், அவர்கள் அண்ணன் சொன்ன மாதிரி உச்சியில் வைத்துத்தான் தொடங்குகிறார்கள்.

இரட்டை வெட்டு சில வீடுகளில் உண்டு. குழந்தையோடு ஆடும்போது வேண்டாம் அக்கா. ஒரே குதியில் இரண்டு ஆடு போனால் பெரியவர்களுக்கே மனசு விட்டுப்போகும்.

புளியங்கொட்டை · ஞாயிறு இரவு 11.02

கட்டத்தை எண்ணிப் பார்க்கச் சொன்னது மிகச் சரி. என் தங்கை மகனுக்கு ஒரு கடையில் துணியில் அச்சடித்த செட் வாங்கிக்கொடுத்தேன். அழகான துணி, மரக் காய்கள். ஆனால் நடுக் குறுக்குக்கோடு முக்கோணத்தோடு நின்றுவிட்டது, நீள்சதுரத்தின் ஓரத்தைத் தொடவில்லை. 23க்குப் பதில் 21 முனை. இரண்டு வாரம் அதில் ஆடி, ஏன் ஆடு நிற்கவே இடமில்லை என்று குழம்பினோம். கடைசியில் பேனாவால் நானே கோட்டை நீட்டினேன். அதற்குப் பிறகுதான் ஆட்டம் ஆட்டமாக இருந்தது.

நாலாம் வகுப்பு · திங்கள் காலை 6.35

நான் டீச்சர். மழை நாளில் பிள்ளைகளை வெளியே விட முடியாதபோது வகுப்பிலேயே இதை ஆட வைப்பேன். ஏழரை வயசுக்கு விதி புரியும், ஆனால் எதிரே இருப்பவர் அடுத்து என்ன செய்வார் என்று பார்க்கும் பழக்கம் அப்போதுதான் வர ஆரம்பிக்கும். அதனால் நான் இரண்டு விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுவேன்.

ஆட்டை வைப்பதற்கு முன்னால் அந்த முனையின் இரண்டு பக்கமும், ஒரே கோட்டில், இரண்டு விரலை வை. ஒரு விரலுக்கடியில் புலி, இன்னொரு விரலுக்கடியில் காலி என்றால் வைக்காதே. அடுத்து, அந்த முனை வழியாகப் போகும் இன்னொரு கோட்டிலும் அப்படியே வைத்துப் பார். அவ்வளவுதான். முதல் இரண்டு நாள் பிள்ளைகள் ஒவ்வொரு ஆட்டுக்கும் விரல் வைப்பார்கள், நேரம் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள். பிறகு விரல் தானாகவே நின்றுவிடும், கண்ணே போதும்.

அழுததற்காக ஆட்டத்தை நிறுத்தாதீர்கள் அம்மா. ஒரு ஆட்டம் அவள் ஆடு, அடுத்த ஆட்டம் அவள் புலி. இரண்டிலும் எத்தனை ஆடு வெட்டுப்பட்டது என்று எழுதி ஒப்பிடுங்கள். அவள் ஆடாக இருந்து எட்டு இழந்து, புலியாக இருந்து ஒன்பது வெட்டினால் அந்த நாள் அவள்தான் ஜெயித்தாள்.

கோலப்பொடி · திங்கள் மதியம் 1.15

எல்லாருக்கும் நன்றி. கட்டத்தை எண்ணினேன், 23 சரியாக இருக்கிறது. அப்பா போட்டதாச்சே. ஆனால் ஒரு தப்பு கண்டுபிடித்தேன்: என் கணவர் கோடு மடங்கும் இடத்திலும் குதித்துக்கொண்டிருந்திருக்கிறார். தெரியாமல்தான். மகளிடம் மன்னிப்புக் கேட்டார்.

டீச்சர், இரண்டு விரல் இன்று ராத்திரியே செய்து பார்க்கிறோம். ஆனால் அவள் முதல் ஆட்டை எப்போதும் கட்டத்தின் நட்டநடுவில் வைக்கிறாள். "நடுவுல இருந்தா எல்லாப் பக்கமும் ஓடலாம்" என்கிறாள். அங்கேதான் முதல் வெட்டு விழுகிறது.

திண்ணை · திங்கள் இரவு 8.30

அம்மா, உங்கள் மகள் சொன்னது புலிக்கு முழுக்க உண்மை. ஆட்டுக்குத் தலைகீழ். இதை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஆடு பக்கத்தின் மொத்தச் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது.

புலி ஆட்டைத் தாண்ட வேண்டுமென்றால் அந்த ஆட்டுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே கோட்டில் முனை இருக்க வேண்டும். எந்த முனையில் எல்லாக் கோடும் முடிந்துவிடுகிறதோ, அங்கே நிற்கும் ஆட்டை எத்தனை புலி வந்தாலும் தொட முடியாது. அப்படிப்பட்ட முனை இந்தக் கட்டத்தில் ஏழு: உச்சி, நீள்சதுரத்தின் நாலு மூலை, முக்கோணத்தின் அடி இரண்டு முனை. உச்சியில் புலி உட்கார்ந்திருக்கும். மிச்சம் ஆறு. முதல் ஆறு ஆட்டை அந்த ஆறில் இறக்கச் சொல்லுங்கள். இரண்டு விரல்கூட வேண்டாம்.

அடுத்து பாருங்கள். நீள்சதுரத்தின் இடது மேல் மூலையிலும் கீழ் மூலையிலும் ஆடு இருந்தால், இடது ஓரத்தின் நடு முனையும் காப்பாகிவிடும். ஏனென்றால் அங்கே நிற்கும் ஆட்டை மேலும் கீழும்தான் தாண்ட முடியும், இரண்டு பக்கமும் நம் ஆடு. வலது ஓரமும் அப்படியே. அடிக்கோட்டின் நடு இரண்டு முனையும் அப்படியே. ஆக ஓரத்திலேயே 10 ஆடு, ஒன்றுகூட வெட்டுப்படாமல் இறங்கிவிடும்.

இனி உள்ளே. கீழ்க் குறுக்குக்கோட்டில் ஓரத்துக்கு அடுத்த முனையைப் பாருங்கள். அதற்குக் கீழே அடிமுனையில் நம் ஆடு, பக்கத்தில் மூலையில் நம் ஆடு. இரண்டு கோட்டிலும் முட்டு இருக்கிறது. அங்கே வைக்கலாம். அதை முட்டாக வைத்து அதற்கடுத்த முனை. இப்படியே வேலி கட்டுகிற மாதிரி ஓரத்திலிருந்து உள்ளே வரவேண்டும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் "ஒத்த ஆடு ஆடில்ல" என்பார்கள். முட்டுக் கொடுக்கப் பின்னால் ஒரு ஆடு இல்லாமல் முன்னால் ஒரு ஆடு போகவே கூடாது.

ஒசூர்க்காரன் · திங்கள் இரவு 9.05

அண்ணே, ஆனால் புலிக்காரர் சும்மா இருப்பாரா? நம் மூலையில் அவர் புலியைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டால் வேலி அங்கேயே உடைகிறதே.

திண்ணை · திங்கள் இரவு 9.31

உட்காரட்டும் தம்பி, நமக்கு லாபம். மூலைக்கு வந்த புலியைக் கட்ட நாலே ஆடு போதும். நீள்சதுரத்தின் மூலையோ முக்கோணத்தின் அடிமுனையோ, புலிக்கு அங்கிருந்து இரண்டே வழி. ஒவ்வொரு வழியிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஆடு. முன்னால் நிற்பது வழியை மறைக்கும், பின்னால் நிற்பது குதிக்க இடமில்லாமல் செய்யும். அதே புலி உச்சியில் இருந்தால் நாலு வழி, எட்டு ஆடு வேண்டும். கட்டத்தின் நடுவிலும் எட்டு. அதனால்தான் நல்ல புலிக்காரர் மூலைக்கு வரவே மாட்டார், உச்சிக்கும் நடுவுக்குமாகவே திரிவார்.

இன்னொரு கணக்கு. 23 முனையில் 15 ஆடும் 3 புலியும் இருந்தால் காலி முனை ஐந்துதான். ஆடு வெட்டுப்படாமல் எல்லாம் இறங்கிவிட்டால் புலிக்கு மூச்சுவிட ஐந்தே இடம்.

காட்மாண்டு நாட்கள் · செவ்வாய் காலை 10.12

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வேலை விஷயமாக நேபாளத்தில் சில வருடம் இருந்தேன். அங்கே இதற்கு உறவான ஆட்டம் ஒன்று உண்டு, பாக் சால் என்று பெயர். புலி நடை என்று சொல்லலாம். அது சதுரக் கட்டம், ஐந்துக்கு ஐந்து, 25 முனை. நாலு மூலையில் நாலு புலி, 20 ஆடு. எல்லா ஆடும் இறங்கும்வரை ஆடு அசையக்கூடாது என்ற விதி அங்கேயும் அப்படியே. ஐந்து ஆடு போனால் புலி ஜெயித்தது. பித்தளையில் வார்த்த புலியும் ஆடுமாகக் கடைத்தெருவில் விற்பார்கள், என் மேஜையில் ஒரு செட் இருக்கிறது. ஆடுகள் கட்டைவிரல் நகம் அளவுதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் கொம்பு இருக்கும்.

அந்த ஆட்டத்தைக் கணினியில் போட்டு முழுதாக அலசியிருக்கிறார்கள். லிம் யூ ஜின், யூர்க் நீவெர்கெல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள். இரண்டு பக்கமும் தப்பே செய்யாமல் ஆடினால் யாரும் ஜெயிக்க முடியாது, சமன்தான் என்று நிறுவினார்கள். நம் முக்கோணக் கட்டம் வேறு ஆட்டம், அந்த முடிவை அப்படியே இங்கே எடுத்துவர முடியாது. ஆனாலும் "ஆடு பக்கம் ஜெயிக்கவே முடியாதா" என்ற கேள்விக்கு ஒரு ஆறுதல்: இந்தக் குடும்பத்து ஆட்டங்களில் ஆடு இளைத்த பக்கம் அல்ல. தொடக்கத்தில் ஆடு பொறுமையாக இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே இன்னொரு நல்ல விதி: எல்லா ஆடும் இறங்கி நகர்த்தத் தொடங்கிய பிறகு, ஏற்கனவே வந்த அதே நிலையைத் திரும்பக் கொண்டுவரக்கூடாது. ஒரே ஆட்டை முன்னும் பின்னும் நகர்த்தி இழுத்தடிக்க முடியாது. வீட்டில் ஆட்டம் முடியாமல் இழுத்தால் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

புளியங்கொட்டை · செவ்வாய் மதியம் 3.40

திண்ணை ஐயா சொன்ன வேலியை நேற்று தங்கை மகனோடு ஆடிப் பார்த்தேன். 15 ஆடும் இறங்கிவிட்டது, ஒன்றுதான் போனது. அதற்குப் பிறகுதான் சிக்கல். இனி நான் ஏதாவது ஒரு ஆட்டை நகர்த்தியே ஆகவேண்டும். எதை நகர்த்தினாலும் வேலியில் ஓட்டை விழுகிறது. நாலைந்து நகர்வில் நாலு ஆடு போச்சு.

திண்ணை · செவ்வாய் இரவு 8.15

அங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுவார்கள். இறக்குவது பாதி ஆட்டம், நகர்த்துவது மீதி.

முதுகுக்குப் பின்னால் ஒரு மூலையைக் காலியாக விட்டுவையுங்கள். உதாரணமாக நீள்சதுரத்தின் கீழ் மூலை ஒன்று. முன்வரிசையைக் கலைக்காமல், ஓரத்து ஆடு ஒன்றை அந்த மூலைக்கு இறக்கலாம், அடுத்த முறை ஏற்றலாம். காட்மாண்டு நண்பர் சொன்ன விதி உங்கள் வீட்டில் இல்லாதவரை இது செல்லும். அந்த நேரத்தில் புலியும் நகர்ந்தே ஆகவேண்டும் இல்லையா? அது நகரும்போது எங்காவது இடம் கொடுக்கும், அப்போது முன்வரிசை ஒரு முனை முன்னேறும். ஆனால் நகர்த்தும் ஆடு எந்த ஆட்டுக்கு முட்டாக நிற்கிறது என்று பார்த்துவிட்டு நகர்த்துங்கள். நடு ஓரத்து ஆட்டை இறக்கினால் அதற்குப் பக்கத்தில் உள்ளே நிற்கும் ஆட்டுக்கு முட்டுப் போய்விடும். அதன் மறுபக்கம் புலி நிற்காத சமயத்தில்தான் அசைக்க வேண்டும்.

உங்கள் நாலு ஆடும் போனது முட்டாக நின்ற ஆட்டை எடுத்ததால்தான் என்று நினைக்கிறேன்.

புளியங்கொட்டை · செவ்வாய் இரவு 8.52

ஆமாம் ஐயா. இப்போது தரையில் வைத்துப் பார்த்தேன். ஓரத்து ஆட்டைத்தான் முதலில் எடுத்திருக்கிறேன்.

கோலப்பொடி · வெள்ளி இரவு 10.05

மூன்று நாளாக எழுத நேரமில்லை. இன்று எழுதியே ஆகவேண்டும்.

இரண்டு விரலை அவள் உடனே பிடித்துக்கொண்டாள். மூலை ஆறையும் நான் கோலப்பொடியால் சின்னப் புள்ளி வைத்துக் காட்டினேன். "இங்க வச்சா புலி தொடாது" என்றதும் அவளுக்கு நம்பிக்கையே இல்லை. புலியைக் கையில் எடுத்து ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் தாண்டிப் பார்த்தாள். தாண்டிப் போக அந்தப் பக்கம் முனையே இல்லை என்று தெரிந்ததும் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இன்று ஆட்டத்தில் அவள் இடது ஓரம் மூன்று முனையும் நிரப்பிவிட்டாள், அடியில் வலது முனையிலும் ஆடு வைத்தாள். அவள் அப்பா, அடி இடது முனையை அவள் பிடிக்கக்கூடாது என்று ஒரு புலியை அங்கே இறக்கிவிட்டார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அவள் அடிக்கோட்டில் ஒரு ஆடு வைத்தாள், வலது முனை ஆட்டை ஒட்டி. அடுத்து புலிக்குப் பக்கத்திலேயே ஒன்று. என் கணவர் வலது பக்கம் தனியாக நின்ற ஒரு ஆட்டைத் துரத்திக்கொண்டிருந்தார், வெட்டியும் விட்டார். அவள் அழவில்லை. இடது சாய்கோட்டில் நடு முனையில் ஒன்று வைத்தாள். அதைப் பார்த்து அவர் உச்சிப் புலியை அதே கோட்டில் ஒரு முனை கீழே இறக்கினார், அடுத்து அந்த ஆட்டை வெட்டலாம் என்று. அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். இரண்டு விரல் வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். பிறகு நடு முனைக்கும் அடிப் புலிக்கும் இடையில் இருந்த காலி முனையில் புளியங்கொட்டையை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

மேலே இருக்கிற ஆட்டையும் வெட்ட முடியவில்லை, கீழே இருக்கிற புலியும் அசைய முடியவில்லை. ஒரே கொட்டையில் இரண்டு வேலை. என் கணவர் தரையில் குனிந்து ஒவ்வொரு கோடாக விரலால் தடவிப் பார்த்தார்.

ஆட்டம் முடியவில்லை, தூங்கும் நேரம் வந்துவிட்டது. கட்டத்தை அழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறோம், நாளைக்கு வேலைக்காரம்மாவிடம் அந்த இடத்தைத் துடைக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஒரு சந்தேகம்: கட்டிய புலி கட்டியதுதானா, இல்லை அந்த நாலு ஆட்டில் ஒன்று நகர்ந்தால் விடுபட்டுவிடுமா? அந்த நாலையும் ஆட்டம் முடியும்வரை தொடவே மாட்டேன் என்கிறாள்.

திண்ணை · வெள்ளி இரவு 10.22

நாலில் ஒன்று அசைந்தால் விடுபட்டுவிடும் அம்மா. சில வீடுகளில் கட்டிய புலியை வெளியே எடுத்துவிடுவார்கள், நாங்கள் எடுப்பதில்லை. அவள் தொடாமல் இருப்பதே சரி. நகர்த்த மற்ற ஆடுகள் இருக்கின்றன. இடது கீழ் மூலை ஆட்டையும் இப்போதைக்கு விட்டுவைக்கச் சொல்லுங்கள், அவள் கடைசியாக வைத்த ஆட்டுக்கு அதுதான் முட்டு.

அந்தக் கடைசி ஆடு அவளாகவே யோசித்து வைத்ததா?

கோலப்பொடி · வெள்ளி இரவு 10.40

அவளேதான் ஐயா. உடனே தாத்தாவுக்குப் போன் போடச் சொன்னாள். அப்பா தூக்கக் கலக்கத்தில் எடுத்தார். "தாத்தா, புலியைக் கட்டிட்டேன்" என்றாள். அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த முனையில?"